சம்பளம் ஓரிடம், கடமை ஓரிடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மருத்துவ அறம் பற்றிப் பேச ஒருவரை அழைத்தால், உறுப்பு மாற்று பற்றிப் பேசுவார். கருணைக் கொலை பற்றிப் பேசுவார். மருந்துக் கம்பெனிகள் தரும் பரிசுகளைப் பற்றிப் பேசுவார். மூன்றும் பேச வேண்டியவைதாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றைவிடச் சாதாரணமானது, அன்றாடம் நடப்பது. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு, அவர் வேலை பார்க்கும் கம்பெனியே பணம் கொடுத்து அமர்த்திய மருத்துவர் வைத்தியம் பார்க்கிறார். அந்த மருத்துவரைத் தொழிலாளி நம்பலாமா? நம்பலாம் என்றால் எதை வைத்து நம்புவது?

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மருத்துவர் நல்லவராக இருந்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். போதாது. உண்மையைச் சொன்னாலும் அவருடைய வேலை போகாது என்ற ஏற்பாடு வேண்டும். அவர் எழுதும் தாள் முதலில் நோயாளியின் கைக்குப் போக வேண்டும். வைத்தியம் பார்ப்பவரும் முதலாளிக்குச் சான்று எழுதிக் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ‘டாக்டரை நம்பு’ என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்வதில் பொருள் இல்லை.

ஒரு விரல் நுனியின் கணக்கு

சென்னையைச் சுற்றியும் ஓசூரிலும் கோவையிலும் வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு. பவர் பிரஸ்ஸில் தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் அச்சு இறங்கிவிடுகிறது. சென்சார் பழுதாகி இருந்திருக்கும். அல்லது உற்பத்தி குறைகிறது என்று அதை அணைத்து வைத்திருப்பார்கள். ஆள்காட்டி விரல் நசுங்குகிறது. சூப்பர்வைசர் துணியைச் சுற்றி வண்டியில் ஏற்றி, கம்பெனிக்குக் கணக்கு இருக்கும் நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போகிறார்.

அங்கே நடக்கும் வைத்தியத்தில் நான் குறை சொல்லவில்லை. பெரும்பாலும் நன்றாகவே செய்கிறார்கள். என் அக்கறை மருத்துவர் எழுதும் மூன்று வரிகளில். எப்படி அடிபட்டது என்ற இடத்தில் ‘பிரஸ்ஸில் வேலை செய்கையில்’ என்று எழுதுகிறாரா, ‘கதவில் நசுங்கியது’ என்று எழுதுகிறாரா? எலும்பு போயிற்று என்கிறாரா, சதை மட்டும் என்கிறாரா? எத்தனை நாள் ஓய்வு தருகிறார்?

இந்த மூன்று வரிக்கும் விலை உண்டு. முதல் வரியை எடுத்துக்கொள்வோம். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய் என்றால் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரைதான். வேலையில் பட்ட காயம் என்று எழுதினால் 90 விழுக்காடு. காயத்தால் வேலை செய்ய முடியாத காலம் முழுவதும். இரண்டாவது வரி, 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வைத்த அட்டவணையோடு சம்பந்தப்பட்டது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு. ஒரு கணு போனால் 9. எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. ஒன்பதுக்கும் ஐந்துக்கும் நடுவே இருப்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள ஒரு சொற்றொடர். மூன்றாவது வரி, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. விபத்துக்குப் பின் 48 மணி நேரமோ அதற்கு மேலோ ஒருவரால் வேலைக்கு வர முடியவில்லை என்றால் நிர்வாகம் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது அது. அதற்கு முன்பே அவர் வந்து உட்கார்ந்துவிட்டால்? அறிவிக்க வேண்டிய விபத்தே நடக்கவில்லை.

‘நாளைக்கு வந்து சும்மா உட்கார்ந்திரு, சம்பளம் பிடிக்க மாட்டோம்’ என்று எச்.ஆர். சொல்வது இதனால்தான். ‘லைட் டியூட்டிக்கு ஃபிட் என்று எழுதிக் கொடுங்கள் டாக்டர்’ என்று நர்சிங் ஹோமில் கேட்பதும் இதனால்தான். யாரும் மிரட்டுவதில்லை, சிரித்த முகத்தோடுதான் கேட்கிறார்கள். ஆலை வாசலில் ‘விபத்தில்லா நாள்கள்’ என்று எண் எழுதித் தொங்கும் பலகை அந்தச் சான்றிதழின் பலத்தில் ஒரு நாள் கூடுகிறது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அன்று. அமெரிக்காவில் வேலையிடக் காயங்களைப் பதிவேட்டில் ஏற்றும் விதி ஒன்று இருக்கிறது. வெட்டுக்காயத்தை ஒட்டுப்பட்டையால் சேர்த்து மூடினால் அது முதலுதவி, பதிய வேண்டாம். ஊசி நூல் கொண்டு தைத்தால் அது சிகிச்சை, பதிய வேண்டும். காயத்தைத் தைப்பதா ஒட்டுவதா என்பதை எதை வைத்து முடிவு செய்ய வேண்டும்? காயத்தின் ஆழத்தை வைத்து. ஆனால் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அலுவலகம் 2009இல் தொழில்சார் மருத்துவப் பணியாளர்களிடம் விசாரித்தபோது, காயத்தை மறைக்கவோ குறைத்துக் காட்டவோ போதாத வைத்தியம் பார்க்கும்படி தங்களுக்கு நெருக்கடி வந்ததாக மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். நெருக்கடி தந்தவர்களில் தொழிலாளர்களும் உண்டு. வேலை போய்விடுமோ என்ற பயம், பாதுகாப்புப் பரிசுத் தொகை கைநழுவுமோ என்ற கவலை, காயம் பட்டவரையே தன் காயத்துக்கு எதிராகப் பேச வைக்கிறது.

நல்ல மனிதர் ஒருவரின் பதினோரு ஆண்டுகள்

இதையெல்லாம் கேட்டதும், ‘நேர்மையான மருத்துவர் கிடைத்தால் தீர்ந்துவிடுமே’ என்று தோன்றும். அப்படி ஒருவர் இருந்தார். ஜப்பானில் மினமாட்டா என்னும் கடலோர ஊர். அங்கே சிசோ நிறுவனத்தின் ரசாயன ஆலை. ஆலைக்குச் சொந்தமான மருத்துவமனையின் தலைவர் ஹாஜிமே ஹொசொகாவா. அங்கே பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர், மீனவக் குடும்பங்கள். ஆனாலும் கம்பெனி மருத்துவரின் இக்கட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டும் கதை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

1956 ஏப்ரலில் நடக்கவும் பேசவும் தடுமாறிய ஒரு சிறுமியை அந்த மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்தடுத்து வேறு சிலரும் வந்தார்கள். காரணம் தெரியாத மூளை நரம்பு நோய் ஒன்று பரவுகிறது என்று மே 1 அன்று ஹொசொகாவாவின் மருத்துவமனை சுகாதார நிலையத்துக்கு அறிவித்தது. மினமாட்டா நோய் உலகுக்குத் தெரிய வந்த நாளாக அதைத்தான் இன்றும் கொள்கிறார்கள். கம்பெனியின் மருத்துவமனைதான் முதலில் வாயைத் திறந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு அவர் பூனைகளை வைத்துச் சோதித்தார். ஆலையின் அசெட்டால்டிஹைடு பிரிவிலிருந்து வரும் கழிவுநீரை 1959 ஜூலையிலிருந்து ஒரு பூனையின் உணவில் கலந்து கொடுத்தார். அந்தப் பூனைக்கு எண் 400. அக்டோபரில் அது வலிப்பு கண்டு சுழன்றது; மீனவர்களுக்கு வந்த அதே நோய். காரணம் ஆலைதான் என்பது ஆலை மருத்துவருக்குத் தெரிந்துவிட்டது. நிர்வாகத்திடம் சொன்னார். அந்தக் கழிவுநீரைக் கொண்டு மேலும் சோதிக்கக் கூடாது என்றார்கள். முடிவு வெளியே போகவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று நோயாளிகளின் குடும்பங்களோடு சிசோ ஓர் ஒப்பந்தம் செய்தது. அனுதாபப் பணம் என்று ஒரு சிறு தொகை. நோய்க்கு ஆலையே காரணம் என்று பின்னாளில் தெரிய வந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கேட்பதில்லை என்று அதில் ஒரு நிபந்தனை. பூனைக்கு வலிப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் இருந்தவர்களுக்கு 400ஆம் எண் பூனையைத் தெரியும். கையெழுத்திட்ட மீனவர்களுக்குத் தெரியாது.

ஹொசொகாவா 1962இல் ஆலையை விட்டு விலகினார். ஆலை அந்த உற்பத்தி முறையை நிறுத்தியது 1968இல். 1970 ஜூலையில், புற்றுநோய் முற்றி டோக்கியோ மருத்துவமனையில் கிடந்தபடி, நோயாளிகள் தொடுத்த வழக்கில் அவர் சாட்சியம் சொன்னார். அந்த அக்டோபரில் இறந்தார். 1973 மார்ச் 20 அன்று குமாமோட்டோ மாவட்ட நீதிமன்றம் சிசோவே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 1959 ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு முரணானது, செல்லாது என்றது.

இவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயை அறிவித்தவர் அவர், காரணத்தைக் கண்டுபிடித்தவர் அவர், சாகும் தறுவாயில் சாட்சி சொன்னவரும் அவர். அப்படிப்பட்டவருக்கே 1959க்கும் 1970க்கும் இடையில் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. அதில் 1968 வரை கடலில் கழிவு கலந்துகொண்டே இருந்தது. அந்த நாள்களில் அவருக்கு இல்லாதது நல்ல மனம் அன்று. கம்பெனியை மீறி ஓர் உண்மையை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, கொடுத்தால் தன்னை யார் காப்பார்கள் என்பதற்கு விடை இல்லாமல் இருந்தது.

தெரிந்துகொண்டு சொல்லாமல் விடுவது

ஜான்ஸ்-மேன்வில் என்ற அமெரிக்க ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனத்தின் மருத்துவர் கென்னத் ஸ்மித், 1949இல் கனடாவில் அந்நிறுவனத்தின் தொழிலாளர்கள் 708 பேரின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். சிலருடைய நுரையீரலில் நோய் தொடங்கியிருப்பது படத்தில் தெரிந்தது. அவர்கள் இன்னும் முடங்கவில்லை. ஆகவே இப்போது சொல்ல வேண்டாம், நிம்மதியாக வேலை செய்யட்டும், அவர்களுடைய அனுபவம் கம்பெனிக்கும் பயன்படும் என்பது அறிக்கையின் சாரம். இதே மருத்துவர் பின்னாளில் சாட்சியம் அளித்தபோது, பொதிகளின் மேல் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று தான் கேட்டதாகவும் விற்பனை பாதிக்கும் என்று நிர்வாகம் மறுத்ததாகவும் சொன்னார். நோயாளிக்குச் சொல்லாத மருத்துவரும் எச்சரிக்கை கேட்ட மருத்துவரும் ஒரே ஆள். வழக்குகள் குவிந்து 1982இல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

புகழ்பெற்ற இடத்து மருத்துவர் என்றால் கவலை இல்லை என்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். அமெரிக்க நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் இழப்பீட்டு வழக்குகளில், கம்பெனிகள் பணம் கட்டி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எக்ஸ்ரே கருத்து வாங்கி வந்தன. அங்கே அந்தப் பிரிவின் முதன்மை மருத்துவர் 2000ஆம் ஆண்டுக்குப் பின் 1,500க்கும் மேற்பட்ட வழக்குகளில் படம் பார்த்தார். ஒன்றில்கூடக் கடுமையான கரிநுரையீரல் நோயை அவர் காணவில்லை என்று 2013இல் பத்திரிகையாளர்கள் ஆவணங்களை அலசி வெளியிட்டார்கள். மருத்துவமனை அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது, பிறகு மூடிவிட்டது. அவர் தம் கருத்தில் உண்மையாகவே நம்பிக்கை வைத்திருந்திருக்கலாம். அவருடைய கருத்து இன்னதாக இருக்கும் என்று பணம் கட்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான் கோளாறு.

நம் பக்கம் வருவோம். கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். 1940களில் அங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்தபோது நாற்பது விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்களுக்குப் பாறைத்தூசியால் வரும் சிலிகோசிஸ் இருந்தது. தேடிப் பார்த்தால்தான் இப்படி எண் கிடைக்கும். தேடாவிட்டால் என்ன ஆகும்? இருமல், இளைப்பு, எடைக்குறைவு என்று வருகிறவருக்கு ‘டிபி’ என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். இந்தியாவில் கல்குவாரியிலும் கல் செதுக்கும் வேலையிலும் இருப்பவர்களுக்கு இன்றும் பெரும்பாலும் நேர்வது இதுதான். டிபி என்றால் அது நோயாளியின் தலைவிதி. சிலிகோசிஸ் என்றால் அதற்கு ஒரு முதலாளி உண்டு, இழப்பீடு உண்டு.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை கதை உங்களுக்குத் தெரியும். 2001இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டு ஆலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்று நிறுவனம் தன் பரிசோதனைகளைக் காட்டிச் சொன்னது. பரிசோதனை முடிவுகள் எங்கள் கைக்கு வரவே இல்லை என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமான அடிப்படையில் என்றது நிறுவனம். யார் சொன்னது சரி என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு பரிசோதனையின் நகலும் அன்றன்றே தொழிலாளியிடம் போயிருந்தால் பதினைந்து ஆண்டு வாக்குவாதத்தில் பாதி குறைந்திருக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

சட்டம் எங்கே விழித்திருக்கிறது, எங்கே தூங்குகிறது

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்தே இருந்தது. சான்றளிக்கும் மருத்துவர் என்று ஒரு பதவியை அது உண்டாக்கியது. அந்தப் பதவியில் இருப்பவர் ஆலையை நடத்துபவராகவோ, அதில் நேராகவோ மறைமுகமாகவோ ஆதாயம் உள்ளவராகவோ, அதன் ஊழியராகவோ இருக்கக் கூடாது என்றது. நல்ல விதி. ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பு வந்த 1923 சட்டம் வேறு வழியில் போனது. விபத்து அறிவிப்புக் கிடைத்த மூன்று நாளுக்குள் முதலாளி இலவசப் பரிசோதனைக்கு அழைத்தால், தொழிலாளி அந்த மருத்துவரிடம் போக வேண்டும். மறுத்தால் இழப்பீட்டு உரிமை நிறுத்திவைக்கப்படும் என்றது. ஒரு சட்டம் ஆதாயம் உள்ள மருத்துவரை விலக்கியது. இன்னொன்று ஆதாயம் உள்ளவர் அனுப்பும் மருத்துவரிடம் போகச் சொன்னது. இந்தப் பழைய சட்டங்களை 2020ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளுக்குள் சேர்த்திருக்கிறார்கள். அடிபட்டவரைப் பார்க்கும் மருத்துவரின் சுதந்திரம் என்ற கேள்வியை அவையும் தீர்க்கவில்லை.

தொழில்நோயைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றும் 1948 சட்டம் சொன்னது. எழுதாவிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். எழுதினால் கைவிட்டுப் போவது ஆண்டு முழுவதும் நோயாளிகளை அனுப்பும் கம்பெனிக் கணக்கு. எந்தப் பக்கம் தராசு சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு விதத்தில் நன்றி சொல்ல வேண்டும். ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே எடுக்கப்பட்டது. அட்டவணைப்படி இது பகுதி இழப்புதான் என்று வாதிட்டார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு இழப்பு என்று 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் நீதிமன்றம் உறுதி செய்தது. மருத்துவர் உடம்பை அளக்கிறார். அளக்க வேண்டியது அந்த உடம்பு செய்த வேலையையும் சேர்த்து. இரண்டாவது, 1995இல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் வந்த தீர்ப்பு. தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்றதோடு, மருத்துவப் பதிவேடுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. ஆஸ்பெஸ்டாஸ் நோய் தலைகாட்டவே இருபது முப்பது ஆண்டுகள் ஆகும் என்பதால் இது பெரிய விஷயம்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இது சொற்பொழிவு ஆகாது, கட்சிக்கூட்டம் ஆகிவிடும். வைத்தியமே பார்க்காமல் தாராளமாக ஊன விழுக்காடு எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்று அதே உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ் குமார் வழக்கில் எச்சரித்தது. அது சாலை விபத்து வழக்கு. ஆனால் எச்சரிக்கை எல்லாருக்கும் பொருந்தும். இல்லாத ஊனத்தை எழுதுவதும் இருக்கும் ஊனத்தை மறைப்பதும் ஒரே குற்றம்தான். அடிபட்டவர் பக்கம் நில்லுங்கள் என்று நான் மருத்துவரைக் கேட்கவில்லை. காயத்தின் பக்கம் நின்றால் போதும்.

பிற நாட்டார் செய்த ஏற்பாடு

மருத்துவ வரலாற்றில் இந்தத் துறையின் மூத்தவர் இத்தாலியின் பெர்னார்டினோ ரமாசினி. 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்பதையும் சேர்க்கச் சொன்னவர். கேட்டுத் தெரிந்ததைச் சொல்லும் சுதந்திரம் வேண்டும் என்பதற்கு ஏற்பாடு வர அதன்பின் இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பிரிட்டனின் முதல் தொழிற்சாலை மருத்துவ ஆய்வாளர் தாமஸ் லெக், வெள்ளை ஈயம் பற்றிய 1921ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையைத் தன் அரசு ஏற்க மறுத்ததால் 1926இல் வேலையைத் துறந்தார். தனி மனிதர் ஒருவரால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

பிரான்ஸ் 1946இல் ஆலைகளுக்கு மருத்துவர் வைப்பதைக் கட்டாயமாக்கியது. சம்பளம் முதலாளியின் பணம்தான். ஆனால் அந்த மருத்துவரை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்றால் அரசுத் தொழிலாளர் ஆய்வாளரின் அனுமதி வேண்டும். ஜெர்மனியின் 1973 சட்டம், ஒருவர் எடுத்த மருத்துவ விடுப்பு நியாயமா என்று துப்பறிவது ஆலை மருத்துவரின் வேலை அன்று என்று எழுதி வைத்தது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு 161ஆம் உடன்படிக்கை இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது: தொழில்நல மருத்துவப் பணியாளருக்கு முதலாளியிடமிருந்தும் தொழிலாளர் தரப்பிடமிருந்தும் முழுச் சுதந்திரம் வேண்டும், விடுப்பின் காரணத்தைச் சரிபார்க்க அவர்களை ஏவக் கூடாது. இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை.

நம்மிடம் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், கூலிகளாகக் கூட்டிவரப்பட்டவர்களின் கதைகளைக் கேட்டுச் சேர்த்து ‘ரெட் டீ’ என்ற ஆங்கில நாவலை எழுதினார். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழர்கள் அதை வாசித்தார்கள். நாவல் வெளிவந்தது 1969இல், அவர் தோட்டத்து வேலையை விட்ட பிறகு. ஹொசொகாவா சாட்சி சொன்னதும் வேலையை விட்ட பிறகு. கென்னத் ஸ்மித் பேசியதும் அப்படித்தான். உண்மை ஓய்வு பெற்ற பிறகு வருவதாக இருக்கக் கூடாது. சம்பளம் வாங்கும் காலத்திலேயே வர வேண்டும்.

செய்யக் கூடியவை

ஆகவே இந்த அவையின் முன் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, ஆலை மருத்துவரை அமர்த்துவதும் நீக்குவதும் நிர்வாகத்தின் தனி முடிவாக இருக்கக் கூடாது. தொழிலாளர்களும் உறுப்பினராக உள்ள பாதுகாப்புக் குழுக்கள் பெரிய ஆலைகளில் இருக்கின்றன. அந்தக் குழுவின் சம்மதமும் தொழிற்சாலைத் துறையின் அனுமதியும் இல்லாமல் நீக்கம் செல்லாது என்று மாநில விதியில் சேர்க்கலாம்.

இரண்டாவது, வைத்தியம் பார்த்தவர் ஃபிட் சான்றிதழ் எழுதக் கூடாது. அடிபட்டவர் வேலைக்குத் திரும்பலாமா என்பதை அந்தக் கம்பெனியோடு பணத் தொடர்பு இல்லாத மருத்துவர் சொல்லட்டும். இ.எஸ்.ஐ. மருத்துவர்களுக்கு இந்த இடம் இயல்பாகவே பொருந்தும். ஆனால் தொழிலாளியின் பெயர் முதல் நாளிலிருந்தே அங்கே பதிவாகி இருக்க வேண்டும். குர்கான், மானேசர் பகுதியில் விரல் இழந்தவர்களோடு வேலை செய்யும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு, பலருக்கு விபத்து நடந்த பிறகுதான் இ.எஸ்.ஐ. அட்டை கிடைக்கிறது என்று தன் அறிக்கைகளில் காட்டியிருக்கிறது. கான்ட்ராக்ட் ஆள்களை வைத்து ஓடும் ஆலைகள் நம்மிடமும் உண்டு.

மூன்றாவது, எந்தப் பரிசோதனையின் முடிவும் முதலில் தொழிலாளிக்கு, தமிழில். நிர்வாகத்துக்குப் போக வேண்டியது ‘இந்த வேலை செய்யலாம், இந்த வேலை கூடாது’ என்ற ஒரு வரி மட்டுமே. நோயின் பெயர் அவர்களுக்கு வேண்டியதில்லை. மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டு நகலைக் கொடுத்தாக வேண்டும். இது இன்று கையில் இருக்கும் உரிமை. சங்கத் தோழர்கள் இதைத் தங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான்காவது, விபத்தில்லாத நாள்களுக்குப் பரிசு கொடுக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். நேர்ந்த விபத்தை உடனே சொன்ன ஷிஃப்டுக்குப் பரிசு கொடுங்கள். நிர்வாகத்துக்கும் இதில் லாபம் உண்டு: ஐந்து விழுக்காட்டு விரல் நுனிகள் பதிவாகும் ஆலையில்தான், சென்சார் வேலை செய்யவில்லை என்ற செய்தி முழுக் கையும் போவதற்கு முன்னால் மேலே வந்து சேரும்.

மாணவர்களுக்கு ஒன்று தனியாக. அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டில் தொழில் என்ற இடத்தில் நீங்கள் எழுதப்போகும் சொல் ‘கூலி’. என்ன கூலி? கல் உடைப்பவரா, சாயப்பட்டறையில் நிற்பவரா, பேட்டரி ஈயம் உருக்குபவரா? கேட்டு எழுதுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. விபத்துப் பதிவேட்டில் எந்த ஆலை, எந்த இயந்திரம், எத்தனை மணி என்று எழுதுங்கள். கூட வந்திருக்கும் சூப்பர்வைசரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, எப்படி அடிபட்டது என்று அடிபட்டவரிடமே கேளுங்கள். சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாத வேலை இது. நாளைக் காலையே தொடங்கலாம்.

மருத்துவருக்கு முதலாளி சம்பளம் தருவது தவறன்று. அந்தச் சம்பளத்தைக் கொண்டு கையெழுத்தையும் வாங்கிவிடலாம் என்ற நிலைதான் தவறு. அதை மாற்றும் பொறுப்பைத் தனித்தனி மருத்துவரின் துணிச்சலிடம் விட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. துணிச்சல் இல்லாதவரும் உண்மையை எழுதக் கூடிய இடமாக ஆலை மருத்துவமனையை ஆக்குவது அரசும் சங்கங்களும் மருத்துவ மன்றமும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம்.

 கேள்வி நேரம் இருக்கிறது என்றார்கள். தொழிற்சங்கத் தோழர்கள் முதலில் கேட்கட்டும். மருத்துவர்கள் அதன் பிறகு பேசுவோம்.